இரைப்பைக்கு மூளைத்தண்டிலிருந்து போகிற கட்டளை ஒன்றா, பலவா?

மாலைநேரம்:

எல்லோருக்கும் வணக்கம். பதினொரு வருடமாக எனக்குச் சர்க்கரை நோய். கடந்த இரண்டு வருடமாக, நாலு வாய் வைப்பதற்குள் வயிறு முட்டிவிடுகிறது. நெஞ்சுக்குக் கீழே யாரோ கையால் அழுத்திப் பிடித்த மாதிரி இருக்கும். முதலில் காட்டிய இடத்தில் "எல்லாம் மனசுதான்" என்று சொல்லிப் பதற்றத்துக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒரு வருடம் அப்படியே போயிற்று. அப்புறம் வேறொரு மருத்துவர் துளி கதிரியக்கப் பொருள் கலந்த உணவைச் சாப்பிட வைத்து நான்கு மணி நேரம் படமெடுத்தார். நான்காவது மணியில் 10 சதவீதத்துக்கு மேல் இரைப்பையில் தங்கியிருந்தால் தாமதம் என்று கணக்காம். எனக்கு அதைத் தாண்டி இருந்தது. "வேகஸ் நரம்பு கெட்டிருக்கலாம்" என்றார்.

அன்றிலிருந்து, மூளைத்தண்டிலிருந்து வயிற்றுக்கு இறங்கும் அந்த நரம்பைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கிறேன். ஒரு இடத்தில் வேகஸ் இரைப்பையை இறுக்குகிறது என்று இருக்கிறது. இன்னொரு இடத்தில் அதே வேகஸ்தான் இரைப்பையைத் தளர்த்தி இடம் கொடுக்க வைக்கிறது என்று இருக்கிறது. ஒரே நரம்பு எப்படி ஒரே உறுப்புக்கு இரண்டு எதிரெதிர் கட்டளை கொடுக்கும்? எனக்கு இதில் எது போயிற்று?

முதலாண்டு:

அக்கா, நான் மருத்துவம் முதல் வருடம் படிக்கிறேன். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்: வேகஸ் பத்தாவது மண்டை நரம்பு, அது அசிட்டைல்கோலினை விடும், இரைப்பை சுருங்கும், அமிலம் சுரக்கும். வேகஸ் ஓய்ந்தால் தளரும். அதாவது ஒரே குழாய், திறந்தால் வேலை, மூடினால் ஓய்வு. இதில் தளர்த்தும் கட்டளை என்று தனியாக ஒன்று இருக்கிறதா என்று எனக்கே இப்போது சந்தேகமாக இருக்கிறது.

நுண்முனை:

தனியாக இருக்கிறது. மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தில், வேகஸுக்குள் இழை அனுப்பும் நரம்புச் செல்களோடுதான் நான் தினமும் வேலை செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு தவறான படத்தை அழித்துவிடுவோம். மூளைத்தண்டில் இருக்கும் நரம்புச் செல் இரைப்பைத் தசையை நேராகத் தொடுவதில்லை. அது தன் நீண்ட இழையை வேகஸ் வழியாக அனுப்பி, இரைப்பைச் சுவருக்குள்ளேயே குடியிருக்கும் நரம்புச் செல்லைத்தான் தொடுகிறது. அந்தச் சுவர்ச் செல்தான் தசையிடம் பேசுகிறது. ஆக, இது இரண்டு கட்ட அஞ்சல். முதல் கட்டத்தில் விடப்படுவது பெரும்பாலும் அசிட்டைல்கோலின்தான், தம்பி படித்தது அதுவரை சரி. ஆனால் இரண்டாம் கட்டத்தில் இரண்டு வகைச் செல்கள் இருக்கின்றன. ஒரு வகை மறுபடியும் அசிட்டைல்கோலினை விட்டுத் தசையை இறுக்கும். இன்னொரு வகை நைட்ரிக் ஆக்சைடை விட்டுத் தசையைத் தளர்த்தும். மேலிருந்து வரும் கடிதம் ஒரே மாதிரிதான். யார் கையில் போய்ச் சேருகிறது என்பதில்தான் பொருள் மாறுகிறது.

இதுவரை பல பத்தாண்டுகளாகத் தெரிந்ததுதான். தெரியாமல் இருந்தது என்னவென்றால், மேலே இருக்கும் செல்களும் அப்படியே இரண்டாகப் பிரிந்திருக்கின்றனவா, இல்லை ஒரே செல் இரண்டு பேருக்கும் எழுதுகிறதா என்பது. அந்தச் செல்கள் கூடியிருக்கும் இடத்துக்கு வேகஸின் முதுகுப்புற இயக்கக் கரு என்று பெயர், சுருக்கமாக டி.எம்.வி. நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலானவை ஒரே மாதிரி, நூல் நூற்கும் கதிர் வடிவில்தான் தெரியும். பார்த்து வகை சொல்ல முடியாது.

2021-இல் அமெரிக்காவில் உள்ள லோவல், லிபர்லஸ் என்ற இருவரின் ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து சுண்டெலியில் இதற்கு விடை கண்டன. ஒவ்வொரு செல்லின் உட்கருவையும் தனித்தனியாகப் பிரித்து, அதில் எந்தெந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று படித்தார்கள். டி.எம்.வி-யில் ஏழு வகைச் செல்கள் பிரிந்து வந்தன. அதில் இரண்டு வகைகள் இரைப்பையின் சுரப்பிப் பகுதிக்கு மட்டுமே இழை அனுப்புகின்றன. ஒன்று கோலிசிஸ்டோகைனின் மரபணு உள்ள வகை, அது சுவரில் அசிட்டைல்கோலின் செல்களைத் தொடுகிறது. மற்றது டைனார்ஃபின் மரபணு உள்ள வகை, அது நைட்ரிக் ஆக்சைடு செல்களைத் தொடுகிறது. ஒரே உறுப்பு, ஒரே பகுதி, ஆனால் விலாசம் வேறு.

அந்தப் படத்தை முதல் முறை பார்த்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். இத்தனை வருடம் நான் "ஒரு டி.எம்.வி செல்" என்று குறிப்பேட்டில் எழுதியது எல்லாம் எந்தச் செல் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

தெளிவுவேண்டும்:

நுண்முனை அவர்களே, ஒரு கேள்வி. கணினிக்கு எதைக் கொடுத்தாலும் அது கூட்டம் கூட்டமாகப் பிரித்துக் கொடுக்கும். அளவுகோலைக் கொஞ்சம் நகர்த்தினால் ஏழு ஐந்தாகும், பன்னிரண்டாகும். ஏழு வகை என்பது செல்களின் இயல்பா, நிரலின் இயல்பா?

நுண்முனை:

நியாயமான கேள்வி. ஏழு என்ற எண்ணை நானும் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மரபணுப் பட்டியலோடு நின்றிருந்தால் நீங்கள் சொன்னது அப்படியே பொருந்தும்.

அவர்கள் அதோடு நிற்கவில்லை. ஒரு வகையில் மட்டும் வேலை செய்யும் மரபணுவை அடையாளமாக வைத்து, அந்த வகைச் செல்லில் மட்டும் ஒளிரும் புரதத்தை உண்டாக்கும்படி வைரஸ் வழியாகச் செய்தார்கள். அப்புறம் எலியின் வயிற்றைத் திறந்து இழை எங்கே போய் முடிகிறது என்று பார்த்தார்கள். மரபணுவை வைத்துப் பிரித்த கோடும், இழைகள் போய்ச் சேர்ந்த இடத்தின் கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. கணினிக்கு இரைப்பை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அது பிரித்த பிரிவு சுவரில் உள்ள எதிரெதிர் செல்களோடு பொருந்துகிறது என்றால், அதில் ஏதோ இயற்கையின் கை இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இது சுண்டெலி. அதன் இரைப்பையில் சுரப்பியே இல்லாத ஒரு முன்பகுதி உண்டு, மனிதருக்கு அது கிடையாது. எனவே வகைகளின் எண்ணிக்கையை அப்படியே மனிதருக்கு மாற்றி எழுத வேண்டாம்.

ஓய்வுபெற்றகத்தி:

இந்த உரையாடலைப் படித்ததும் என் பழைய நாட்கள் நினைவுக்கு வந்தன. நான் அறுவை மருத்துவன், இப்போது ஓய்வு. குடற்புண்ணுக்கு வேகஸை வெட்டிய தலைமுறையின் கடைசி வரிசையில் இருந்தவன்.

1943-இல் சிகாகோவில் டிராக்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் தொடங்கிய முறை அது. வேகஸை வெட்டினால் அமிலம் குறையும், புண் ஆறும். உணவுக்குழாயின் கீழ்முனையில் விரலை நுழைத்துத் தேடுவோம். முன் தண்டு குழாயோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும், கண்ணால் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். பின் தண்டு அப்படி இல்லை. குழாயைக் கீழே இழுத்துப் பிடித்தால் விரல் நுனியில் வீணைத் தந்தி மாதிரி விறைப்பாக உரசும். அந்த உணர்வு இன்னும் என் விரலில் இருக்கிறது.

வெட்டிய பிறகு அமிலம் குறைந்தது. ஆனால் இரைப்பை காலியாகாமல் தேங்கிப் போனது. அதனால் வெளிவாசலையும் சேர்த்து வெட்டி அகலப்படுத்த வேண்டியிருந்தது. அதற்கப்புறம் சிலருக்கு எல்லாம் தலைகீழாக, திரவம் சரசரவென்று குடலுக்குள் கொட்டியது. கொஞ்சம் சாப்பிட்டாலே நிரம்பிய உணர்வு வேறு. ஒரே நோயாளிக்கு "தேங்குகிறது", "கொட்டுகிறது", "இடம் கொடுக்கவில்லை" என்று மூன்று புகார். நாங்கள் ஒரு நரம்பை வெட்டினோம், மூன்று வேலைகள் போயின.

1970 வாக்கில் லீட்ஸிலும் கோபன்ஹேகனிலும் நுட்பமான முறை வந்தது. அமிலம் சுரக்கும் பகுதிக்குப் போகும் சிறு கிளைகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கட்டி வெட்டி, வெளிவாசலுக்கு முந்தைய பகுதிக்கு விரிகிற கிளைகளை விட்டுவிடுவது. அந்தக் கிளைகள் காக்கையின் கால் மாதிரி விரிந்திருக்கும், பெயரே காக்கைக்கால்தான். அதைத் தொடாமல் விட்டால் இரைப்பை ஓரளவு தானாகக் காலியானது. நிறையப் பேருக்கு நல்லபடியாக அமைந்தது. ஆனாலும் மேல்பகுதி தளர்ந்து இடம் கொடுப்பது கெட்டுத்தான் போனது. அப்போது எங்களுக்குக் காரணம் முழுதாகப் புரியவில்லை. இறுக்கும் இழையும் தளர்த்தும் இழையும் ஒரே கிளைக்குள் பின்னிக் கிடக்கும்போது கத்தியால் எதைப் பிரிப்பது? கத்திக்கு இடம் தெரியும், வகை தெரியாது.

பிறகு மார்ஷலும் வாரனும் குடற்புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் கிருமியைக் கண்டுபிடித்தார்கள், அந்த அறுவையே ஏறக்குறைய மறைந்துவிட்டது, 2005-இல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. நல்லதுதான். ஆனால் என்னிடம் வந்து "டாக்டர், இரண்டு வாய்க்கு மேல் போகவில்லை" என்று சொன்னவர்களுக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

முதலாண்டு:

ஐயா, இதை எங்கள் வகுப்பில் யாரும் இப்படிச் சொல்லவில்லை. மிகவும் நன்றி. நுண்முனை அண்ணா, அந்த டி.எம்.வி செல் எப்போது வேலை செய்ய வேண்டும் என்று அதற்கு யார் சொல்கிறார்கள்?

நுண்முனை:

தம்பி, இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

மூளைத்தண்டை 300 மைக்ரான் தடிமனில் வெட்டி, உப்புக் கரைசலில் ஆக்ஸிஜன் ஓடவிட்டு உயிரோடு வைத்திருப்போம். கண்ணாடிக் குழலின் நுனி ஒன்றிரண்டு மைக்ரான்தான். அது செல்லின் மேல்தோலைத் தொடும்போது திரையில் ஒரு சிறு குழி விழுவது தெரியும். அப்போது மெல்ல உறிஞ்சினால் செல் குழலோடு ஒட்டிக்கொள்ளும். உடனே திரையில் துடிப்பு வரும். ஏறக்குறைய விநாடிக்கு ஒன்று, டக், டக் என்று. கீழே இரைப்பை இல்லை, வேகஸ் இல்லை, எலியே இல்லை. அந்தச் செல் அது பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருக்கும்.

அப்படியென்றால் யாரும் அதை "எழுந்திரு" என்று சொல்லத் தேவையில்லை. "அடங்கு" என்று சொல்லத்தான் ஆள் வேண்டும். அந்த ஆள் பக்கத்திலேயே இருக்கும் என்.டி.எஸ் என்னும் உணர்வுக் கரு. வேகஸில் ஏறக்குறைய 80 சதவீத இழைகள் உள்ளுறுப்புகளிலிருந்து மேலே சேதி கொண்டு வருபவை, அவை வந்து சேருவது என்.டி.எஸ்-இல்தான். அங்கிருந்து காபா என்ற அடக்கும் வேதிப்பொருள் வழியாக டி.எம்.வி-க்குப் பிரேக் போகிறது. மயக்க மருந்து கொடுத்த எலியில் அந்தக் காபாவைத் தடுத்தால் இரைப்பை இறுகிவிடுகிறது. தூண்டும் பொருளான குளூட்டமேட்டைத் தடுத்தால் ஓய்வு நிலையில் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. பிரேக்தான் முக்கியம் என்று தெரிகிறது.

சாப்பாடு உணவுக்குழாயில் இறங்கும்போதே இரைப்பையின் மேல்பகுதி தளர்ந்து இடம் கொடுப்பது இப்படித்தான். இழுபடுகிற சேதி என்.டி.எஸ்-க்குப் போகிறது, இறுக்கும் செல்களுக்குப் பிரேக் விழுகிறது, தளர்த்தும் செல்கள் முன்னே வருகின்றன. நல்ல நிலையில் இருக்கும் இரைப்பை இப்படி ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளும், உள்ளழுத்தம் பெரிதாக ஏறாமலேயே.

இன்னொன்று. இரைப்பையின் அலை நிமிடத்துக்கு மூன்று. அந்தத் தாளத்தைப் போடுவது மூளைத்தண்டு அல்ல, சுவரில் இருக்கும் காஹால் செல்கள். வேகஸ் அந்த அலை எவ்வளவு பலமாக அடிக்க வேண்டும் என்பதைக் கூட்டிக் குறைக்கிறது.

ஊசிபோடுபவன்:

எடை குறைக்க, ஜி.எல்.பி-1 என்ற குடல் ஹார்மோனைப் போல வேலை செய்யும் ஊசி போட்டுக்கொள்கிறேன். பசி நன்றாக அடங்குகிறது, ஆனால் அளவைக் கூட்டும்போதெல்லாம் நாலைந்து நாள் குமட்டல் உயிரை எடுக்கிறது. பசி அடங்குவதும் குமட்டலும் ஒரே செல்லின் வேலையா? குமட்டல் இல்லாமல் பசி மட்டும் அடங்க வழி இருக்கிறதா?

நுண்முனை:

உங்கள் கேள்விக்கும் இதே மாதிரி விடைதான், இடம் மட்டும் கொஞ்சம் தள்ளி. என்.டி.எஸ்-க்கு மேலே ஒட்டினாற்போல ஏரியா போஸ்ட்ரீமா என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும் தடுப்பு அங்கே கிடையாது. ரத்தத்தில் நஞ்சு கலந்தால் முதலில் மோப்பம் பிடிக்க வேண்டியது அதுதான், அதற்காகத் திறந்தே இருக்கிறது. உங்கள் மருந்தும் அந்தத் திறந்த வாசலில் நுழைகிறது.

இரண்டு இடத்திலும் ஜி.எல்.பி-1 ஏற்பி உள்ள செல்கள் உண்டு. 2024-இல் வெளிவந்த ஒரு சுண்டெலி ஆய்வில், என்.டி.எஸ்-இல் உள்ளவற்றை மட்டும் தூண்டியபோது எலிகள் குறைவாகச் சாப்பிட்டன, ஆனால் வெறுப்பு எதுவும் காட்டவில்லை. ஏரியா போஸ்ட்ரீமாவில் உள்ளவற்றைத் தூண்டியபோது கடுமையான வெறுப்பு வந்தது. அப்படியானால் இரண்டையும் பிரிக்க முடியும் என்பது கொள்கையளவில் தெரிந்துவிட்டது. அதற்கு ஒரு மருந்து உங்கள் கைக்கு வரும் என்று நான் சொல்ல மாட்டேன். இப்போதைக்கு அளவை மெதுவாகக் கூட்டுவது பற்றி உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள்.

எலிக்கு வாந்தி எடுக்கவே வராது. அதனால் "வெறுப்பு" என்று நாங்கள் அளப்பது, ஒரு சுவையோடு அந்த உணர்வைச் சேர்த்துக் கொடுத்து, அடுத்த முறை அந்தச் சுவையை அது ஒதுக்குகிறதா என்று பார்ப்பதைத்தான். உங்கள் குமட்டலும் அதுவும் ஒன்றேதான் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

காலைநடை:

வேகஸைப் பலப்படுத்த மூச்சுப் பயிற்சி செய்தால் போதும் என்று நிறைய இடத்தில் சொல்கிறார்களே? நான் தினமும் செய்கிறேன், கைக்கடிகாரத்தில் இதயத் துடிப்பு மாறுபாடு நன்றாகக் கூடியிருக்கிறது. மாலைநேரம் அவர்களும் முயன்று பார்க்கலாமே.

ஓய்வுபெற்றகத்தி:

மூச்சுப் பயிற்சி நல்லது, விடாமல் செய்யுங்கள். ஆனால் அந்தக் கடிகாரம் இரைப்பையைப் பற்றிப் பேசவில்லை. இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் செல்கள் பெரும்பாலும் நியூக்ளியஸ் ஆம்பிகியூவஸ் என்ற வேறொரு கருவில் இருக்கின்றன. மூச்சோடு சேர்ந்து துடிப்பு ஏறி இறங்குவதும் அவற்றால்தான். வயிற்றுக்குப் போகிறவை டி.எம்.வி-யில். வேகஸ் என்ற ஒரே உறைக்குள் போகிறார்கள், அவ்வளவுதான். இதயத்தின் கணக்கு நன்றாக இருப்பதை வைத்து இரைப்பையின் கணக்கைச் சொல்ல முடியாது.

தெளிவுவேண்டும்:

பார்க்கின்சன் நோயில் நடுக்கம் வருவதற்குப் பல வருடம் முன்பே மலச்சிக்கல் வருவது பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். அந்த நோயின் புரதக் கட்டிகள் ஆரம்பத்திலேயே தெரியும் இடங்களில் டி.எம்.வி ஒன்று என்று 2003-இல் ஹைக்கோ பிராக் என்ற ஆய்வாளரின் குழு எழுதியது. அதில் உள்ள எல்லா வகைச் செல்களும் ஒரே மாதிரி பாதிக்கப்படுகின்றனவா, இல்லை ஒரு வகை முதலில் விழுகிறதா என்று யாராவது பார்க்க வேண்டும். அது தெரிந்தால் பல வருடம் முன்பே கண்டுபிடிக்க ஒரு வழி கிடைக்கலாம்.

மாலைநேரம்:

எல்லாவற்றையும் மூன்று முறை படித்துவிட்டேன். என்னை ஒரு வருடம் "மனசு" என்று ஒதுக்கினார்கள். நீங்கள் என் வயிற்றை இத்தனை மரியாதையோடு பேசியதைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது.

நான் புரிந்துகொண்டது சரியா என்று சொல்லுங்கள். "இரைப்பை மந்தம்" என்பது ஒரே கோளாறு இல்லை. இறுக்கும் வழி கெட்டால் உணவு தங்கும். தளர்த்தும் வழி கெட்டால் இடமே கிடைக்காது. எனக்கு எடுத்த பரிசோதனை தங்குவதை மட்டும்தான் அளந்தது. நாலு வாயில் முட்டுகிறதே, அது தளராததாலும் இருக்கலாம் இல்லையா?

நுண்முனை:

நூற்றுக்கு நூறு சரியான கேள்வி. ஒரு திருத்தம் மட்டும்: சர்க்கரை நோயில் பழுது மூளைத்தண்டுச் செல்லில்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வேகஸ் இழை கெடலாம், சுவரில் உள்ள நைட்ரிக் ஆக்சைடு செல்கள் குறையலாம், காஹால் செல்கள் குறையலாம். பலருக்கு இவை கலந்தே இருக்கும். ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால் அதுவே அந்த நேரத்தில் இரைப்பையை மெதுவாக்கும், அதனால் படமெடுத்த அன்று உங்கள் சர்க்கரை எவ்வளவு இருந்தது என்றும் கேளுங்கள்.

ஓய்வுபெற்றகத்தி:

அம்மா, மருத்துவரிடம் போவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். முட்டுகிற உணர்வு சாப்பிட ஆரம்பித்த எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது? சாப்பிட்டு மூன்று நான்கு மணி நேரம் கழித்தும் பழைய சாப்பாடு எதுக்களித்து வருகிறதா? முதல் கேள்விக்கு "உடனே" என்றும் இரண்டாவதற்கு "இல்லை" என்றும் வந்தால், இரைப்பை இடம் கொடுப்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று அவரிடம் சொல்லுங்கள். அதற்கும் பரிசோதனைகள் உண்டு, எல்லா இடத்திலும் செய்வதில்லை, கேட்டால்தான் எங்கே என்று சொல்வார்கள்.

மாலைநேரம்:

இன்று மதியமே ஆரம்பித்துவிட்டேன், டாக்டர் ஐயா. முதல் வரி: ஆறாவது நிமிடம், ஐந்தாவது வாய். சர்க்கரை அளவையும் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நான்கு மணி நேரம் கழித்து எதுவும் மேலே வரவில்லை. பதினைந்தாம் நாள் முடிந்ததும் இங்கேயே வந்து சொல்கிறேன்.